பிரஷர் மாத்திரையால் புற்றுநோய் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார். ‘சார்டன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, பத்து நாளாக நிறுத்திவிட்டார். தலைசுற்றல்கூட இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இன்றே பிரஷரைப் பாருங்கள்; அவருடைய டாக்டரிடம் சொல்லி மறுபடி ஆரம்பியுங்கள். தலைசுற்றல் இல்லை என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 180-ஐத் தாண்டிய பிரஷரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்த வயதில் பக்கவாதம்தான் பக்கத்தில் நிற்கும் ஆபத்து.

அந்தச் செய்தியில் பாதி உண்மை. 2018 ஜூலையில், டெல்மிசார்டனைப் போலவே ‘சார்டன்’ குடும்பத்தைச் சேர்ந்த வால்சார்டன் மாத்திரைகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. சீனத் தொழிற்சாலை ஒன்று தயாரிப்பு முறையை மாற்றியதில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்ற வேண்டாத ரசாயனம் மூலப்பொருளில் உருவாகிவிட்டது. தப்பு தயாரிப்பில், மருந்தில் இல்லை. அந்தக் கலப்படத்தோடு கூடிய மாத்திரையை அதிகபட்ச அளவில் 8,000 பேர் நான்கு வருடம் தினமும் சாப்பிட்டால், அவர்கள் வாழ்நாளில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கணக்கிட்டது. டெல்மிசார்டனின் வேதி அமைப்பே வேறு. அந்தச் சிக்கலுக்கு வழிவிட்ட, டெட்ரசோல் என்ற அணு வளையம் அதில் கிடையாது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகளை 2021-இல் சேர்த்துப் பார்த்தபோதும், எந்த வகை பிரஷர் மருந்தும் புற்றுநோயைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். மாத்திரையில் இருக்கும் இன்னொரு மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு ஒரு நீர் மாத்திரை, அதாவது சிறுநீரைக் கூட்டிப் பிரஷரைக் குறைப்பது. அது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய வகை அல்லாத தோல் புற்றுநோய் சற்றுக் கூடுவதை டென்மார்க் ஆய்வுகள் காட்டின. 2020-இல் அமெரிக்கா இதை மருந்துக் குறிப்பில் சேர்த்தது: வருடத்துக்கு 16,000 பேரில் கூடுதலாக ஒருவர். வெள்ளைத் தோல்காரர்கள் மொத்தம் 50,000 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டிருந்தால் வருடத்துக்கு 6,700 பேரில் கூடுதலாக ஒருவர். தினம் 12.5 மில்லிகிராம் என்றால் அந்த அளவை எட்ட ஏறக்குறைய பதினொரு வருடம் ஆகும். அம்மாவின் முகம், காது, கீழ் உதடு, புறங்கையைப் பாருங்கள். ஆறாத புண், செதிலாக உரியும் தடிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர் என்றால் வேறு நீர் மாத்திரைக்கு மாற்றுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மாத்திரையைத் திரும்பப் பெறும்போது அறிவிப்பு இணையதளத்தின் ஏதோ மூலையில் கிடக்கும். சாப்பிடுகிறவருக்கு ஒரு போன்கூட வராது. சரி, நாமே பார்ப்போம் என்றால், கடைக்காரர் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டில் பேட்ச் நம்பரே இருக்காது! முழு அட்டையாக வாங்குங்கள், பில்லை வைத்திருங்கள்.

இந்தப் பயத்தில் பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. ‘பக்கவிளைவு இல்லாத இயற்கைப் பொடி’ என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதில் அதிமதுரம் அதிகம் இருந்தால் பிரஷரை அதுவே ஏற்றும், பொட்டாசியத்தையும் இறக்கும். அப்புறம், ‘எதற்கும் ஒரு கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ என்று, புற்றுநோயில் கூடக்கூடிய சில பொருட்களின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்க வரும் ஏஜென்ட். அறிகுறியே இல்லாதவருக்கு அந்த எண் கொஞ்சம் கூடினாலும் ஸ்கேன், பயாப்ஸி என்று அலைச்சல்தான் மிச்சம். இரண்டையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷரைக் குறித்து, அந்தத் தாளையும் மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.