வீட்டு இன்டர்நெட் டேட்டா மாதம் பாதியிலேயே முடிகிறது, மேலதிகக் கட்டணமும் வருகிறது. யாராவது வைஃபையைத் திருடுகிறார்களா?

திருட்டு நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வளவுக்காரரோடு முகம் முறிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரவு படுக்கும்போது கம்பனியின் ஆப்பில் மீதி டேட்டாவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, ரவுட்டரின் பிளக்கையே கழற்றிவிடுங்கள். விடிந்ததும் திரும்பப் பாருங்கள். கணக்கு ஏறுவதில் கொஞ்சம் தாமதம் இருக்கும், அதனால் சிறிய வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ரவுட்டர் செத்துக் கிடக்கும்போதும் ஜிபி கணக்காகக் குறைந்தால் கோளாறு கம்பனிப் பக்கம். குறையவில்லையா, தின்பது உங்கள் ரவுட்டரில் இணைந்த ஏதோ ஒன்றுதான். பாஸ்வேர்டை மாற்றி, சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்து, எதை இணைத்ததும் டேட்டா வேகமாகக் குறைகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஆரையம்பதியில் மாமி வீட்டிலும் இதே பிரச்சினைதான். மாமி மட்டும்தான் வீட்டில், பார்ப்பது யூடியூப்பில் சமையல். ஆனால் மச்சான் கட்டாரில் இருந்துகொண்டு வளவைச் சுற்றிக் கமரா பூட்டியிருந்தார். அங்கே அறையில் அந்தக் கமராப் படம் எந்த நேரமும் திறந்தே கிடக்கும். அம்மா தனியாக இருக்கிறா என்ற பயம், குறை சொல்லவும் முடியாது. டவுன்லோட் மட்டும்தான் டேட்டா என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் அப்லோடும் பெரும்பாலான பெக்கேஜ்களில் அதே கணக்கில்தான் கழிகிறது. ஒரு கமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் அனுப்பினால் மணிக்கு 450 எம்பி, நாளுக்கு 10.8 ஜிபி, 30 நாளில் 324 ஜிபி. அது ஒரு கமராவுக்கு!

வீட்டில் வைத்திருக்கும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியிலோ மெமரி கார்டிலோ பதிவதற்கு இன்டர்நெட் டேட்டா போகாது. கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வெளியிடத்தில் சேமிப்பதும் வெளியிலிருந்து பார்ப்பதும்தான் தின்னும். ஆப்பில் தரம் குறைந்த படத்தை, அதாவது சப் ஸ்ட்ரீமைத் தெரிவுசெய்து, தேவையானபோது மட்டும் திறக்கச் சொல்லுங்கள். கிளவுட் வேண்டும் என்றால் அசைவு வந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாம். ஆனால் தென்னை மரத்தைப் பார்த்தபடி கமராவைப் பூட்டாதீர்கள். கச்சான் காற்றில் ஓலை ஆடுவதையெல்லாம் கள்ளன் என்று அனுப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்த சந்தேகம் டிவி பொக்ஸ். ரிமோட்டில் டிவியை அணைத்தால் டிவி மட்டும்தான் அணையும், பொக்ஸ் பாட்டுக்கு ஓடும். எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகலாம் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸாவது இடையில் நிறுத்தி, பார்க்கிறீர்களா என்று கேட்கும். நாடகம் பார்க்கும் நேரடிச் சேனல் ஆப்கள் பல அப்படிக் கேட்பதில்லை, விடிய விடிய ஓடும். பெயர் தெரியாத மலிவான ஆண்ட்ராய்ட் பொக்ஸ் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் அப்படிப்பட்ட பெட்டிகளில் புகுந்து, ஊர்பேர் தெரியாதவர்களின் போக்குவரத்தை வீட்டு லைன் வழியாக விடுகிறது என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அதற்கு மருந்து பிளக்கைக் கழற்றுவதுதான்.

விண்டோஸ் கணினி இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷன் அமைப்பில், இன்டர்நெட்டில் உள்ள மற்றக் கணினிகளுக்கும் அப்டேட்டைப் பகிர்வது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் போட்டோ பேக்கப்பையும் பாருங்கள். உங்கள் பெக்கேஜில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் பெரிய அப்டேட்களை அந்த நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

சரி, இனி பக்கத்து வீடு. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை, அதாவது பாஸ்வேர்ட் அடிக்காமலே இணையவிடும் வசதியை நிறுத்துங்கள். இணைந்துள்ள சாமான்களின் பட்டியலில் தெரியாத முகவரியை (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள அடையாள இலக்கம்) கண்டதும் பதற வேண்டாம். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்கள் வைஃபைக்கு உண்மையான முகவரியைக் காட்டாமல் மாற்று முகவரிதான் கொடுக்கின்றன. அது உங்கள் மகனின் போனாகவே இருக்கலாம். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் அதைத் திருட்டு என்று சொல்லவும் முடியாது.

ரவுட்டர் அணைந்திருந்த இரவிலும் டேட்டா குறைந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, நாள்வாரிப் பாவனை விபரத்தைக் கேளுங்கள். டேட்டா முடிந்ததும் கட்டணம் ஏறாமல் இணைப்பே நின்றுவிடும்படி மாற்ற முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.