நல்லவராக வாழ்ந்தால் மட்டும் போதாதா? நியாயத்தீர்ப்பு பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது

"தர்மம் செய்து நல்லவராக வாழ்ந்தால் மோட்சம் உண்டா, விசுவாசம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நற்செயலைக் கொடுத்து இரட்சிப்பை வாங்க முடியாது என்பதே பெரிய சபைகள் அனைத்தின் போதனை. எபேசியர் 2:8-9 இதை நேரடியாகவே சொல்கிறது: அது கிருபையால் வரும் ஈவு, யாரும் பெருமை பேச இடமில்லை.

கத்தோலிக்கர்கள் இதை மறுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இது பற்றி வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிருபையின்றிச் சொந்தச் செயல்களால் நீதிமானாகலாம் என்ற கருத்தைக் கண்டிக்கிறது.

அப்படியானால் மத்தேயு 25-இல் பசித்தவனுக்குச் சோறு போட்டதை வைத்துத் தீர்ப்பு வழங்கப்படுகிறதே? அந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். வலப்பக்கம் நிற்பவர்கள், "ஆண்டவரே, உமக்கு எப்போது சாப்பாடு கொடுத்தோம்?" என்று திகைக்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவே இல்லை! புண்ணியம் சேர்க்கச் செய்ததல்ல அது; உள்ளே இருந்த அன்பு தானாக வெளிப்பட்டது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் இதைத்தான் என்பது என் புரிதல். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கோ நற்செயல் செய்ய நேரமே இல்லை, பரதீசு கிடைத்தது.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் லுத்தரன்களும் (மார்ட்டின் லூதரின் வழிவந்த சபையினர்) கத்தோலிக்கரும், இரட்சிப்பு கிருபையால் வருவது என்ற அடிப்படையில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிருபை பெற்றபின் செய்யும் நற்செயலுக்குப் பலன் உண்டு என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் இன்னும் வேறுபாடு இருக்கிறது.