நிற்கிற படமும் ஓடுகிற கதையும்
வாசகர் கேள்விகளுக்கு ஓவிய ஆசிரியர் பதில்

சென்ற இதழில் 'கிங்டம் கம்' என்ற சூப்பர் ஹீரோ கிராபிக் நாவலைப் பற்றி எழுதியிருந்தேன். 1996-ல் டிசி என்ற அமெரிக்கப் படக்கதை நிறுவனம் நான்கு பாகங்களாக வெளியிட்ட கதை அது. எழுதியவர் மார்க் வெய்ட், வரைந்தவர் அலெக்ஸ் ராஸ். வயதான சூப்பர்மேன் உலகத்தை வெறுத்து ஒதுங்கிவிடுகிறார். அடுத்த தலைமுறை வீரர்கள் யாரையும் காப்பாற்றாமல் தெருவில் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். வந்திருக்கும் கடிதங்களைப் படித்தால் எல்லோரும் ஒரே புத்தகத்தைத்தான் வாசித்தார்களா என்று வியப்பாக இருக்கிறது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

"ஐயா, இதை எப்படிப் புகழ்ந்தீர்கள்? பக்கத்துக்குப் பக்கம் முருகன் காலண்டரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இரும்புக்கை மாயாவியில் இருந்த ஓட்டம் எங்கே?" – வாசகர், அம்மாப்பேட்டை

காலண்டர் என்பதை நான் வசவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்களின் முன்னால் நம் பாட்டிகள் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்த முருகன் எங்கேயும் ஓடமாட்டார். நின்று நம்மைப் பார்ப்பார். ராஸ் வரைவதும் நிற்கிற படம்தான். தெரிந்தவர்களை நிற்கவைத்து, வெளிச்சம் அமைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வண்ணம் தீட்டுகிறவர் அவர். அதனால் துணியின் மடிப்பும் கழுத்தின் சுருக்கமும் அச்சு அசலாக வந்துவிடுகின்றன. உடல் பாயவேண்டிய இடத்தில் கொஞ்சம் விறைத்துப் போகிறது. உங்கள் புகாரில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மாயாவி வேறு கணக்கு. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக நம்மிடம் வந்தவர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். அடுத்த கட்டத்தில் அந்தக் கை எங்கே இருக்கும் என்று நம் கண்ணே தேடிக்கொண்டு ஓடும். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு மையை வைத்துக்கொண்டே அதைச் செய்துகாட்டினார். படக்கதையில் ஓட்டம் என்பது இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பிறக்கிறது. ராஸ் நம்மைக் கட்டத்துக்கு உள்ளேயே உட்காரவைத்துவிடுகிறார். இந்தக் கதைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே வழிவிடுகிறது.

"சூப்பர் ஹீரோ கதையில் ஒரு கிழப் பாதிரியார் எதற்கு? அவர் எதுவுமே செய்யவில்லையே! ஆனால் என் அப்பாவுக்கு அவரை மட்டும்தான் பிடித்திருக்கிறது. தலைப்புக்கும் பொருள் சொல்லுங்கள்." – வாசகி, ஏற்காடு

தலைப்பை உங்கள் அப்பாவிடமே கேட்டிருக்கலாம் அம்மா. ஞாயிறுதோறும் கிறிஸ்தவ ஆலயத்தில் சொல்லும் ஜெபத்தில் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று வருகிறதே, அந்த வரியின் ஆங்கிலத்திலிருந்து எடுத்த இரண்டு சொற்கள்தான். கதை நெடுக, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனங்களும் வருகின்றன.

நார்மன் மெக்கே என்ற அந்தப் பாதிரியார்தான் இந்தப் புத்தகத்தின் கண். ஸ்பெக்டர் என்ற ஆவி உருவம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நடப்பதையெல்லாம் காட்டுகிறது. அவர் பார்க்கிறார். தடுக்க முடியாமல் பார்க்கிறார். படம் நின்றுபோகிறது என்று அம்மாப்பேட்டைக்காரர் குறைப்படுகிறாரே, அந்த நிலை இந்த முதியவருடைய பார்வை. வயதானவர் ஒருவர் தெருவில் நடக்கும் சண்டையை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அவருக்கு ஓட்டம் தெரியாது. முகம் தெரியும்.

கடைசியில் சூப்பர்மேன் கோபம் தலைக்கேறி ஐ.நா. கட்டடத்தையே இடிக்க வருகிறார். அங்கேதான் நார்மன் வாய் திறந்து அவரோடு பேசுகிறார். அதுவரை சும்மா நின்றவர் அல்லவா, அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு கனம். பாதிரியாரின் முகத்துக்கு ராஸ் தன் அப்பாவின் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். ராஸின் அப்பாவும் ஒரு போதகர். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவார்.

"நான் கொலுசுப் பட்டறையில் மெருகு போடுகிறேன். கதை எனக்கு முக்கியம் இல்லை. வொண்டர் வுமன் போட்டிருக்கும் தங்கக் கவசத்தை மட்டும் பத்து தடவை பார்த்தேன். உலோகம் தெரிந்தவன் வரைந்தது. சரிதானா?" – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

நூற்றுக்கு நூறு சரி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் பட்டறைக்கே வந்தேன், நினைவிருக்கும். மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். மெருகு முடித்த கொலுசு ஒன்றை இவர் ஜன்னல் ஓரமாகத் தூக்கிப் பிடித்தார். வெள்ளி அங்கே வெள்ளையாகவே இல்லை. என் சட்டையின் நீலம், கதவின் பச்சை, பிடித்திருந்த விரலின் பழுப்பு எல்லாம் வளைவில் நெளிந்துகொண்டிருந்தன. நடுவே கன்னங்கரேல் என்று ஒரு கோடு, அதை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு ஒரு வெண்புள்ளி. அவ்வளவுதான் வெள்ளி.

கழுகு இறக்கையோடு வரும் அந்தக் கவசத்தைப் பிறகு விரித்து வைத்துப் பார்த்தோம். மஞ்சள் பூசித் தங்கம் என்று ஏமாற்றவில்லை. அருகில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு மின்னுகிறது. ராஸ் பயன்படுத்துவது குவாஷ் என்ற வண்ணம், நம் பள்ளிக்கூடத்து போஸ்டர் கலரின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் மேலேயே வெள்ளையை வைக்கலாம், மறைத்து நிற்கும். ஆனால் காய்ந்ததும் நிறம் மாறிவிடும்: வெளிர் நிறம் கொஞ்சம் கறுக்கும், அடர் நிறம் கொஞ்சம் வெளுக்கும். காய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று மனத்தில் பார்த்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடவேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் அது எனக்கு முழுதாகக் கைவரவில்லை. அப்படிப் பக்கம் பக்கமாக ஒரு புத்தகத்தையே தீட்டி முடித்திருக்கிறார் என்பதை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

"படம் அருமை. கதைதான் தலை சுற்றுகிறது. யார் யாருக்கு மகன், யார் யாருக்கு எதிரி என்றே தெரியவில்லை." – கல்லூரி மாணவர், ஆத்தூர்

ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் அதிகம். டிசி கதைகளை முன்பே படித்தவர்களுக்குத்தான் ஒவ்வொரு மூலையிலும் தெரிந்த முகம் கிடைக்கும், மற்றவர்களுக்கு அது தேர்த்திருவிழா நெரிசல். நான்காம் பாகத்துச் சிறைச்சாலைப் போரில் நானும் வழி தவறினேன். நிற்கிற படம் அங்கே உதவவில்லை. அதே போருக்குள் சூப்பர்மேன் மேல் கேப்டன் மார்வெல் என்ற இன்னொரு வீரன் மின்னலை மறுபடி மறுபடி இறக்கும் இடம் மட்டும் தனியே தெரிகிறது. ஏனென்றால் அங்கே இரண்டே பேர்.

இரண்டாம் முறை படிக்கும்போது மற்றவர்களை விட்டுவிட்டு அடுத்த தலைமுறை வீரனான மேகாக் என்பவனை மட்டும் பின்தொடருங்கள். சூப்பர்மேனின் மனைவி லோயிஸ் லேனைக் கொன்ற வில்லன் ஜோக்கரைக் கைதுசெய்து கொண்டு போகும்போது, மேகாக் நடுவழியில் அவனைக் கொன்றுவிடுகிறான். நீதிமன்றம் மேகாக்கை விடுதலை செய்கிறது, மக்கள் கொண்டாடுகிறார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் சூப்பர்மேன் ஊரைவிட்டுப் போகிறார். கைதியைச் சுட்டுக்கொன்ற செய்தி வந்த அன்று இனிப்பு வழங்கியதை நாமும் பார்த்திருக்கிறோம். எனக்கு அந்தப் பக்கங்கள் வேறு நாட்டுக் கதையாகப் படவில்லை. நெருக்கியடிக்கும் கதை என்றாலும் கொலையைக் கொண்டாடலாமா என்ற இந்த ஒரு கேள்வியை வெய்ட் கைவிடவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

"என் ஒன்பது வயது மகனுக்கு வாங்கித் தரலாமா?" – வாசகி, ஓமலூர்

வேண்டாம் அம்மா. ஒரு மாநிலமே அணுக்கதிரில் அழிகிற கதை. பதினான்கு, பதினைந்து வயது ஆகட்டும்.

"நான் பத்தாம் வகுப்பு. அந்த மாதிரிக் கவசம் வரைய ஆசை. என்ன கலர் வாங்க வேண்டும்?" – மாணவி, கன்னங்குறிச்சி

புதிதாக எதுவும் வாங்காதே. வீட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து ஜன்னல் ஓரம் வை. பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி. சாம்பல் நிறத்தைத் தொடவே தொடாதே. டம்ளரில் சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே கம்பிபோல் மெலிகிறது என்று முதலில் பென்சிலால் எல்லை போடு. ஜன்னலின் வடிவம் சிறியதாக, கோணலாக உள்ளே தெரியும், அதை வெள்ளையாகவே விட்டுவிடு. கடைசியாக ஒரே ஒரு கறுப்புக் கோடு. வரைந்து அனுப்பு. பென்சில் எல்லை போட்ட தாளையும் சேர்த்து அனுப்பு, நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.