யானை வெடி காணுமா?

அன்புள்ள ஐயா,

நான் தம்பிலுவிலைச் சேர்ந்தவள். ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். காலநிலை மாற்றம் பற்றி ஊர்களில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. ஆட்கள் வருகிறார்கள், கையெழுத்து வைக்கிறார்கள், தேத்தண்ணி முடிந்ததும் போய்விடுகிறார்கள். கொழும்பில் நடந்த பயிற்சியில், சனத்தைப் பயமுறுத்தாதீர்கள், நகைச்சுவை, நம்பிக்கை, சொந்தக் கதை மூன்றையும் பயன்படுத்துங்கள் என்றார்கள். சூறாவளியிலும் சுனாமியிலும் ஆட்களைப் பறிகொடுத்த இடத்தில் நகைச்சுவை சரியா என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் ஒரு கூட்டத்தில் பனிக்கரடியின் படத்தைப் போட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர், "மகள், இது வேளாண்மைக்குள்ள இறங்குமா? இதுக்கு யானை வெடி காணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்ததில் கூட்டம் குழம்பிவிட்டது. எங்கள் பகுதிக்குப் பொருத்தமான சில நகைச்சுவைக் கதைகளை எழுதித் தருவீர்களா? ஒரு நாள் வந்து பேசவும் முடியுமா?

ர.
தம்பிலுவில்

அன்புள்ள மகள்,

உங்களுக்கு உடனே பதில் எழுதக் காரணம் அந்தப் போடியார்தான். அவருடைய கேள்வியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்து ஓய்ந்த பிறகு எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. நகைச்சுவை வேண்டும் என்று என்னிடம் கேட்டு எழுதுகிறீர்கள். அதே கடிதத்தில் ஒரு மனிதர் ஒரு சதம் வாங்காமல் முதல்தரமான பகடி ஒன்றைத் தந்திருக்கிறார். அதைப் போய் 'கூட்டம் குழம்பிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் அப்போதுதான் தொடங்கியது, மகள். நீங்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பீர்கள்.

அவர் கேட்டதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். காட்டோர வயல் வட்டையில் பரணில் கிடந்து யானைக்கு வெடி கொளுத்துகிற மனிதர் அவர். எந்த மிருகத்தைக் காட்டினாலும், இது என் வேளாண்மையை என்ன செய்யும், இதற்கு என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். காலநிலை பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை. "கரடி இறங்காது போடியார், இறங்குறது வெயில், அதுக்கு வெடி கொளுத்த ஏலாது" என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதும். நெல் பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேல் ஏறினால் கதிர் பதராகிவிடும் என்பதை அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சொன்னாலும் கேட்டிருப்பார்கள். பதர் கண்ட மனிதருக்கு அதைச் சொல்லப் படம் தேவையில்லை. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், ஆகவே மழை பிந்தினாலும் வரும்போது கொட்டித் தள்ளும் என்பதையும் சொல்லியிருக்கலாம். 2011 தை மாதம் கதிரோடு வயலைத் தண்ணீருக்குள் பார்த்தவர்கள் அவர்கள்.

நான் இப்போது கொம்புமுறி விளையாட்டுப் பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதம் என்னைச் சும்மா விடவில்லை. தம்பிலுவிலில் பிறந்த உங்களுக்குக் கண்ணகி அம்மனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் கோயில் கதவு திறந்து, அவள் கதையான வழக்குரை பாடி, அவளைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். மதுரையை எரித்தவளின் சூடு தணிய வேண்டும், மழை பெய்ய வேண்டும், அம்மை அண்டக்கூடாது. மழை பொய்த்தால் பாடுவதற்கென்றே மழைக்காவியம் இருக்கிறது. இவ்வளவும் பயபக்தியோடு செய்வது. அதே அம்மனுக்காக, அதே வறட்சிக்காக, இதே சனம் ஆடிய இன்னொன்றுதான் கொம்புமுறி. உங்கள் வயதுக்காரர் அதைக் கலாசார விழா மேடையில் பார்த்திருப்பீர்கள். அது மேடைக்குரிய சாமான் இல்லை.

ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். புருசன் ஒரு சேரி, பெண்சாதி மறு சேரி என்று ஒரே வீட்டுக்குள் பிரிந்துபோன குடும்பங்கள் உண்டு. காட்டில் தேடி வெட்டிய வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்ற கொம்பை ஏடகம் என்ற சோடித்த தேரில் வைத்து ஊர்வலம் கொண்டுபோவார்கள். அப்போது பாட்டுத் தொடங்கும். வசைப்பாட்டு. தோற்ற சேரிக்காரரின் மூக்கு, அவர்கள் வீட்டுக் குழம்பு, மாப்பிள்ளை எடுத்த விதம், அடைக்காத கடன் ஒன்றும் தப்பாது. என் பெத்தா தன் புருசனுடைய சேரியைப் பற்றிய பாட்டில் முதல் அடியை மட்டும் பாடிக் காட்டுவா. மிச்சத்துக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வா. மூத்தப்பா திண்ணையில் இருந்து, "பாடு, பாடு, பேரப்பிள்ளையும் கேக்கட்டும்" என்பார். தோற்றவர்கள் நின்று கேட்க வேண்டும் என்பதுதான் முறை. கேட்க மாட்டாமல் கைகலப்பில் முடிந்த ஊர்களும் உண்டு.

இது எப்போது நடந்தது என்று யோசியுங்கள். குளம் வற்றி, வயல் பாளம் பாளமாக வெடித்து, ஊரில் அம்மை போட்டிருக்கும் நேரத்தில். இந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில். அதோடு ஒரு எல்லையும் இருந்தது: வசையில் செத்த ஆளை இழுக்க மாட்டார்கள். 2024 கார்த்திகையில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் போன மதரசாப் பிள்ளைகளை வைத்து இந்தப் பக்கத்தில் எவரும் பகடி பேச மாட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

ஆனால் நான் கொம்புமுறியைச் சொல்ல வந்தது இதற்காக அல்ல. கொம்புமுறியில் பார்வையாளர் என்று ஒரு சாதி கிடையாது. பாடுகிறவன் ஒரு சேரி. அவன் கொம்பு முறிந்தால் அடுத்த முறை அவனும் நின்று ஏச்சு வாங்குவான். இப்போது உங்கள் கூட்டத்தை எடுங்கள். நிறுவனத்தின் இலச்சினை போட்ட சேட்டோடு முன்னால் நிற்கிறீர்கள். கதிரைகளில் சனம். சிரிப்பு உங்களிடமிருந்து அவர்களுக்குப் போக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அது நடக்காது. இங்கே பகடி எப்போதும் கீழேயிருந்து மேலே போவது: கமக்காரனிடமிருந்து விதானைக்கு, விதானையிடமிருந்து கந்தோருக்கு. மேலேயிருந்து கீழே வந்தால் அதற்குப் பெயர் நக்கல். ஆகவே மகள், நான் உங்களிடம் கேட்பது, நீங்கள் எந்தச் சேரி? உங்கள் கொம்பு எது? அது முறிந்தால் நின்று ஏச்சுக் கேட்பீர்களா? போடியார் உங்களைக் கேலி செய்தபோது நீங்கள் தோற்ற சேரி. நின்று கேட்டுச் சிரித்திருந்தால் ஊருக்குள் வந்திருப்பீர்கள்.

கொழும்புப் பயிற்சிக்கு இந்த மூன்று சொல்லும் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அமெரிக்காவில், கொலராடோ பல்கலைக்கழகத்தில், மெக்ஸ் பொய்கொஃப், பெத் ஒஸ்னஸ் என்ற இருவர் மாணவர்களைக் கொண்டு காலநிலை பற்றி மேடைப் பகடி நடத்தினார்கள், அது பற்றி 2019இல் ஆய்வுக்கட்டுரையும் எழுதினார்கள். நல்ல வேலை. அங்கே மேடையில் ஏறியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான், யாரோ எழுதிக் கொடுத்த கதையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வாசிக்கவில்லை. அது கடல் கடந்து, கொழும்பு கடந்து, உங்கள் கையில் மூன்று சொல்லாகக் கிடைத்திருக்கிறது.

வசைக்கு ஒரு விலாசமும் வேண்டும். எங்கள் சூறாவளிக்கு முந்திய வருடம், 1977இல், எக்சன் எண்ணெய்க் கம்பனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகிறது என்று தன் மேலிடத்துக்கு நேரில் விளக்கிச் சொன்னார். மேலிடம் கேட்டுக்கொண்டது. மறுகா அந்தக் கம்பனி பல வருடம் வெளியே சந்தேகத்தை விதைத்தது. முறிய வேண்டிய கொம்பு அங்கே இருக்கிறது. அந்தப் பெரிய துரைமார் மேல் உங்கள் ஊர்ப் பெண்களிடம் வசைப்பாட்டுக் கேட்டுப்பாருங்கள். விறகு அடுப்பை நிறுத்து, பொலித்தீன் பையை விடு என்று அவர்களுக்கே நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகாமல் வேறு என்ன செய்வார்கள்?

சொந்தக் கதை என்றீர்கள். 1978 கார்த்திகை 23ஆம் திகதி இரவு சூறாவளியில் கூரை போனதும் என் மாமா ஒருவர் வெறும் நெற்பட்டறைக்குள் இறங்கி ஒளிந்தார். அவருக்கு முன்பே அங்கே ஒரு கிடாய் இருந்தது. விடிந்து வெளியே வரும்போது அவருடைய சாரத்தில் பாதியைக் கிடாய் தின்றிருந்தது. ஊரே மரம் விழுந்து, வழி தெரியாமல் கிடக்க, மாமா மிச்சச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நின்ற கதையை நாங்கள் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்டு வளர்ந்தோம். ஒவ்வொரு முறையும் கிடாய் பெரிதாகும். அதே இரவில் அவருடைய தங்கச்சியும் அவளுடைய கைப்பிள்ளையும் தென்னை விழுந்து செத்தார்கள். அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கிடாயைப் பற்றிப் பேசுவதே அவருக்கு அந்த இரவைப் பற்றிப் பேசுகிற வழி. அவரிடம் ஒருவர் படிவத்தோடு வந்து, 'உங்கள் பேரிடர் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பார்.

சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் திருக்கோவிலிலும் அப்படித்தான் கேட்டார்கள். வாகனம் வரும், ரெக்கோடர் வெளியே வரும், அந்தப் பெண்கள் முந்தின வாகனத்துக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்வார்கள். எந்த இடத்தில் அழுதால் கேட்பவர் எழுதுவதை நிறுத்துவார் என்றுகூடத் தெரிந்துகொண்டார்கள். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மாமாவின் கதையை உங்கள் படங்களுக்கிடையில் செருகவும் வேண்டாம். 78ஐக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வங்கக் கடலில் சூறாவளி எங்கள் பாட்டன் காலத்திலும் இருந்தது. கடல் சூடேற அது வலுக்கும், கூடுதலாக மழை கொட்டும் என்பது சொல்லக்கூடியது. ஒரு சூறாவளியைக் காட்டி 'இதுதான் அது' என்பது சரியில்லை. ஒலுவிலில் கரை போனதையும் அப்படிப் போட்டுவிடாதீர்கள். துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டி மணலின் ஓட்டத்தை மறித்தார்கள், அடுத்த பக்கத்தைக் கடல் தின்றது. கடலுக்குத் தென்னையைக் கொடுத்தவருக்கு அது தெரியும். அவருக்கு முன்னால் நின்று கடல்மட்ட உயர்வு என்றால் உங்கள் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்.

நம்பிக்கை பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறவனுக்கு நாங்கள் என்ன நம்பிக்கை ஊட்டுவது? அவனிடம் இல்லாதது எங்கள் மேல் நம்பிக்கை. 2021 சித்திரையில், இனி சேதனப் பசளைதான், இரசாயன உரம் வராது என்று மேலேயிருந்து ஒரே இரவில் அறிவித்தார்கள். சுற்றாடல், நஞ்சற்ற உணவு என்ற நல்ல சொற்களோடுதான் அறிவித்தார்கள். கார்த்திகையில் கைவிட்டார்கள். அதற்குள் மாரிகாலப் பெரும்போக வேளாண்மை படுத்துவிட்டது, அம்பாறை வயல்காரர் மஞ்சளாய்ப்போன பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு 'சுற்றாடல்' என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலில் என்ன சப்பாத்து என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் காலநிலை விஞ்ஞானி கத்தரின் ஹேஹோ, எதிரே இருப்பவர் எதை நேசிக்கிறாரோ அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள் என்பார். நான் கூட்டிச் சொல்வது, எதில் ஏமாற்றப்பட்டாரோ அங்கிருந்தும் தொடங்கலாம். உரத்தைப் பற்றி முதலில் அவர்கள் பேசட்டும். ஏசட்டும். உங்களையும் சேர்த்து ஏசினாலும் இருங்கள்.

கதைகள் எழுதித் தர மாட்டேன். வந்து பேசவும் மாட்டேன். வந்தால் மாலை போடுவீர்கள், பிறகு எனக்கே சிரிப்பு வராது. நீங்கள் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மழை பிந்தினால் என்ன செய்வது என்ற பேச்சும் அங்கே தானாக வரும். மேடையில் இடம் கேட்காதீர்கள். பின்வரிசையில் இருங்கள். முன்னால் அதிகாரி பேசும்போது பக்கத்தில் இருப்பவர்கள் வாய்க்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். கொப்பி கொண்டுபோங்கள், ரெக்கோடர் வேண்டாம். அந்தச் சேட்டையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.