எலி பேஸ்ட்: இரண்டாம் நாள் விளையாட்டை நம்பாதீர்கள்

கேள்வி: எலிக்காகத் தக்காளித் துண்டில் தடவி வைத்திருந்த பேஸ்ட்டை என் 3 வயதுப் பேரன் வாயில் வைத்துவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். மறுநாளே ஓடியாடி விளையாடினான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் 5 நாள் வைத்துத் தினமும் ரத்தம் எடுத்தார்கள். பில்லை ஏற்றத்தானே?

பதில்: பில்லை ஏற்றும் இடங்கள் உண்டு, உங்கள் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் செய்தது சரி. இரண்டாம் நாளே அனுப்பியிருந்தால்தான் நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும்.

பற்பசை போல டியூபில் வரும் இந்த பேஸ்ட்டில் பெரும்பாலும் இருப்பது 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் வாந்தி, வயிற்றெரிச்சல், வாயில் பூண்டு வாடை இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. அடுத்த ஓரிரு நாள் எல்லாம் அடங்கிவிடும், பிள்ளை சோறு கேட்கும். ஈரல் கெடுவது அப்போதுதான். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் கசியும், பேச்சு உளறும். வெளியில் தெரிவதற்கு முன்பே பிடிக்கத்தான் ஈரல் என்சைம், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைத் தினமும் பார்ப்பது. உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போனால் ஆபத்து.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஈரலைக் காக்க அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். மோசமானால் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்று, கடைசியாக ஈரல் மாற்று. இவை நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போக வேண்டும். நான்காம் நாள் கண் மஞ்சளானதும் ‘காமாலைதான்’ என்று வேர் அரைத்துக் கொடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பேஸ்ட் விஷயத்தையே அவரிடம் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. பத்தியமும் கஷாயமுமாக நாட்கள் போனபின் நினைவில்லாமல் கொண்டுவந்தால் யார் என்ன செய்ய முடியும்?

உப்புத் தண்ணீர் கொடுத்தது தவறு. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கலாம். சின்னப் பிள்ளைக்கு உப்பே விஷமாகலாம். பால், நெய், எண்ணெயும் கூடாது. பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து உடம்பில் வேகமாக ஏறும். வாயைத் துடைத்து, கையைக் கழுவி, பேஸ்ட் பட்ட சட்டையைக் கழற்றுங்கள். காலி டியூபையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ‘எனக்குத் தெரிந்த இடம், உடனே பெட் கிடைக்கும்’ என்று வேறு பக்கம் வண்டியைத் திருப்பும் தனியார் ஆம்புலன்ஸ்காரருக்கு அங்கே கமிஷன் இருக்கும். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ‘எதையோ தின்றான்’ என்று மழுப்பாதீர்கள். கேஸ் எழுதும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. காசு கட்டும் கவுன்டருக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை. இந்த பேஸ்ட்டையே தமிழ்நாடு அரசு தடை செய்தது. பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

ஒன்று மட்டும் வேறு: எலிக்கு வைக்கும் கட்டி மருந்தான எலி கேக். இது ஈரலை அழிப்பதில்லை, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். குழந்தை ஒரு ஓரத்தைக் கடித்ததற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2 நாள் கழித்து ஒரு ஐ.என்.ஆர். பார்த்தால் போதும். இங்கே நடப்பதோ தலைகீழ். முதல் நாளே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டுவிடுகிறார்கள். அப்புறம் 48 மணி நேரத்தில் ரத்தம் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஊசியின் தயவில். கேக்கின் மருந்தோ உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். அதிகம் தின்றிருந்தால் ஊசியின் வேகம் அடங்கியபின் மூக்கில் ரத்தம் வரலாம். ரத்தக்கசிவு இல்லாதபோது, ஐ.என்.ஆர். பார்க்குமுன்பே அந்த ஊசியைப் போட வந்தால், ‘டெஸ்ட் பார்த்துவிட்டுப் போடலாமா, டாக்டர்?’ என்று கேளுங்கள். போட்டாயிற்று என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பாருங்கள். தின்றது பேஸ்ட்டா கேக்கா என்று தெரியாவிட்டால் பேஸ்ட் என்றே எண்ணி அட்மிட் ஆகுங்கள்.