ஏதென்ஸின் மூன்று பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிரேக்க ராக் இசை பற்றி எழுதும்போது சாக்ரடீஸ் ட்ராங்க் த கோனியம் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிட்டார் வாசிப்பு பிரமிக்க வைக்கிறது. ஆனால் மனம் முழுசாக ஒட்டவில்லை.

புரோக்ரஸிவ் ராக் என்று பட்டியல்களில் போட்டிருக்கிறார்கள். நீண்ட பாடல்களையும் கீபோர்டையும் எதிர்பார்த்துப் போனேன். கிடைத்தது கிட்டார்காரர் ஹென்ட்ரிக்ஸையும் க்ரீம் குழுவையும் நினைவூட்டும் குட்டிக் குட்டிப் பாடல்கள். அதுகூடப் பரவாயில்லை. தட்டு வந்த ஆண்டு 1972. நாட்டில் ராணுவ ஆட்சி. இசையமைப்பாளர் தியோடராக்கிஸ் சிறையும் முகாமும் கண்டு நாட்டைவிட்டு வெளியேறியிருந்த காலம். பாடகர் சவோபூலோஸ் கிரேக்க மொழியில், கிரேக்க மெட்டுகளில் ராக் பாடிக்கொண்டிருந்தார். இவர்களோ கிரேக்க உச்சரிப்பு துருத்தும் ஆங்கிலத்தில் அமெரிக்க ப்ளூஸ் வாசித்திருக்கிறார்கள். இது தப்பித்தல் இல்லையா? இந்தத் தட்டில் கிரேக்கம் எங்கே இருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் குறையை அப்படியே ஏற்கிறேன். இது புரோக்ரஸிவ் தட்டு அல்ல. ப்ளூஸில் வேர்விட்ட ஹெவி ராக். 1976இல் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் தயாரித்து, கீபோர்டும் வாசித்த ‘ஃபோஸ்’ தட்டினால்தான் புரோக் ரசிகர்கள் இந்தக் குழுவைக் கண்டுகொண்டார்கள். அந்த முத்திரையைப் பின்னோக்கி இழுத்து முதல் தட்டின் மேலும் ஒட்டிவிட்டார்கள். முத்திரையைக் கிழித்துவிட்டுக் கேளுங்கள். யானிஸ் ஸ்பாதாஸின் கிட்டார், ஆன்டோனிஸ் தூர்க்கோயோர்கிஸின் பாஸ் கிட்டாரும் குரலும், இலியாஸ் புக்குவாலாஸின் டிரம்ஸ். அவ்வளவுதான் குழு. மூவர் குழுவில் கிட்டார்காரர் சோலோவுக்குள் போய்விட்டால் மேடையில் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் கிடையாது. பாஸ்தான் நிரப்ப வேண்டும். தூர்க்கோயோர்கிஸ் பாடிக்கொண்டே அதைச் செய்தார். எல்லோரும் ஸ்பாதாஸைப் பற்றியே பேசுகிறார்கள், கிரேக்க ஹென்ட்ரிக்ஸ் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தத் தட்டை ஒருமுறை பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். குழுவின் முதுகெலும்பு எது என்று தெரியும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. அன்றைய கிரேக்க இடதுசாரிகளில் பலர் கேட்டதும் இதைத்தான். அவர்கள் பார்வையில் ராக் என்பது அமெரிக்கச் சரக்கு. 1967இல் ஆட்சியைப் பிடித்த ராணுவக் கர்னல்களுக்கு அமெரிக்கா துணைநின்றது. 1971இல் அமெரிக்கத் துணை அதிபரும் கிரேக்க வம்சாவளியினருமான ஸ்பைரோ ஆக்னியூ அங்கே போய் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பாடுகிறவனை எப்படி நம்புவது என்ற சந்தேகம் இயல்பானதுதான்.

ஆனால் ஆட்சியாளர்களும் அவனை நம்பவில்லை. இந்த விஷயம் அந்தச் சந்தேகத்துக்குள் அடங்கவில்லை.

1967 ஏப்ரல் 17 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் ஏதென்ஸில், பானதினைகோஸ் கால்பந்து மைதானத்தில் வாசித்தார்கள். கூட்டத்துக்குச் சிவப்புக் கார்னேஷன் பூக்களைக் கொடுக்க முயன்றபோது காவலர்கள் பாய்ந்தார்கள். நிகழ்ச்சி பாதியில் நின்றது. நான்கே நாளில், ஏப்ரல் 21 விடியும்போது, டாங்கிகள் தெருவில் நின்றன. ஜூன் மாதம் ராணுவத்தின் 13ஆம் எண் ஆணை வந்தது. தியோடராக்கிஸின் இசையை வாசிப்பதும் ஒலிக்கவிடுவதும் குற்றம் என்றது அது. ராக் இசைக்கு அப்படி ஒட்டுமொத்தத் தடை எதுவும் வரவில்லை. சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், நாடு நவீனமாகத் தெரிய வேண்டும் என்று ஆட்சி விரும்பியது. பாட்டை விட்டுவிட்டு, கேட்கிறவனின் நீண்ட தலைமுடியைப் பிடித்தார்கள். 1970இல் உட்ஸ்டாக் ராக் விழாவைப் பற்றிய படம் ஏதென்ஸின் பலாஸ் திரையரங்குக்கு வந்தபோது, உள்ளே இடம் கிடைக்காத இளைஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதலே வெடித்தது. அந்தப் படத்தில் கிரேக்க அரசியல் ஒரு வரிகூட இல்லை. இளைஞர்கள் கூட்டமாக, கட்டுக்கடங்காமல் ஓரிடத்தில் சேர்வதே அங்கே அரசியலாகிவிட்டது.

அப்படிச் சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் அஹார்னோன் தெருவும் இபிரு தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த கீத்தாரோ கிளப். சாக்ரடீஸ் மூவரும் தங்கள் வாசிப்பை அங்கேதான் கூர்தீட்டிக்கொண்டார்கள். சவோபூலோஸும் அதே கிளப்பில்தான் பாடினார் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் எதிரெதிரே நிறுத்தும் இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ், கிட்டத்தட்ட ஒரே கூட்டத்துக்கு வாசித்தவர்கள். கீத்தாரோவில் நேரடியாகப் பதிவுசெய்த கூட்டுத் தட்டு ஒன்று 1971இல் வந்தது. சாக்ரடீஸும், கிரேக்க மொழியில் பாடிய எக்ஸதாக்டிலோஸ் குழுவும் அதில் அடுத்தடுத்து வருவார்கள்.

கிரேக்க மொழியில் ராக் பாட முடியாமலா இவர்கள் ஆங்கிலத்துக்குப் போனார்கள்? இல்லை. ‘போல்’ என்ற குழு 1971இலேயே கிரேக்க மொழியில் பாடியது. பெலோமா பொக்கியு குழுவும் பாடியது. 1973இல் வந்த அக்ரிதாஸ் குழுவின் தட்டு நீங்கள் தேடும் அசல் புரோக், கிரேக்க மொழியிலேயே இருக்கிறது, அவசியம் கேளுங்கள். சாக்ரடீஸ் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டார்கள். அந்தத் தேர்வில் வெளிநாட்டுக் கனவு ஒன்று இருந்திருக்கலாம். அஃப்ரோடைட்ஸ் சைல்ட் குழு 1968இல் லண்டனுக்குக் கிளம்பி, போய்ச் சேர முடியாமல், மே மாத வேலைநிறுத்தத்தில் முடங்கிய பாரிஸில் தங்கி, ஐரோப்பா முழுக்கப் புகழடைந்ததை எல்லா கிரேக்க இசைக்காரர்களும் பார்த்திருந்தார்கள். அந்தக் குழுவின் கடைசித் தட்டான ‘666’ வந்ததும் இதே 1972இல்தான். பாரிஸில் உருவான, பைபிளின் திருவெளிப்பாட்டு நூலைக் கருவாக எடுத்துக்கொண்ட பிரம்மாண்டமான இரட்டைத் தட்டு அது. ஏதென்ஸில் இருந்துகொண்டு தட்டுப் போட்டவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது, அந்தத் தூரம் தரும் பாதுகாப்பும் கிடையாது.

இப்போது பாடல் தலைப்புகளை வரிசையாகப் பாருங்கள். ‘பேட் கண்டிஷன்ஸ்’, ‘இட்ஸ் எ டிஸ்கஸ்டிங் வேர்ல்ட்’, ‘அண்டர்கிரவுண்ட்’, ‘ஸ்டார்வேஷன்’. பாடல் வரிகளும் தணிக்கைக் கண்ணுக்குத் தப்பாத ஒரு நாட்டில், மோசமான நிலைமை, அருவருப்பான உலகம், தலைமறைவு, பட்டினி என்று தலைப்பு வைத்து ஒரு தட்டு கடைக்கு வந்திருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதியிருந்தால் இவை இவ்வளவு எளிதாக வெளியே வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இவர்களை எதிர்ப்புப் பாடகர்கள் ஆக்குவது என் நோக்கம் இல்லை. சவோபூலோஸ் 1967இலேயே சிறைக்குப் போய் வந்தவர், தியோடராக்கிஸ் பட்டது அதைவிடப் பல மடங்கு. அந்த வரிசையில் இவர்களை உட்கார வைத்தால் அது அவர்களுக்கும் மரியாதை இல்லை, இவர்களுக்கும் மரியாதை இல்லை. ஆனால் தப்பித்தவர்கள் இப்படித் தலைப்பு வைக்க மாட்டார்கள்.

குழுவின் பெயரையும் யோசியுங்கள். ‘சாக்ரடீஸ் நஞ்சு குடித்தார்’ என்று பொருள். கர்னல்களுக்குப் பண்டைய கிரேக்கம் என்றால் அணிவகுப்பு. வெள்ளைச் சலவைக்கல்லால் ஆன பழைய ஒலிம்பிக் அரங்கில், படைவீரர்களுக்குப் பண்டைய வேடம் போட்டு, கிரேக்கர்களின் வீரத்தைக் கொண்டாடும் விழாக்களை நடத்தினார்கள். ‘கிரேக்கக் கிறிஸ்தவர்களின் கிரேக்கம்’ என்பது அவர்களுடைய முழக்கம். அதே பண்டைய கிரேக்கத்திலிருந்து மூன்று இளைஞர்கள் எடுத்துக்கொண்டது எதை? இளைஞர்களைக் கெடுக்கிறான், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டு கி.மு. 399இல் நஞ்சு குடிக்க வைக்கப்பட்ட கிழவரை. தலைமுடியை வளர்த்து, சத்தமாகக் கிட்டார் வாசித்து, இளைஞர்களைக் கெடுக்கிறான் என்ற அதே குற்றச்சாட்டுக்கு ஆளாகக்கூடிய ஒருவன் 1972இன் ஏதென்ஸில் அந்தப் பெயரோடு மேடையேறுகிறான். கிரேக்கம் எங்கே என்று கேட்டீர்கள். தட்டின் அட்டையிலேயே இருக்கிறது.

இசைக்குள் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வியின் கனமான பகுதி. அதற்கு எபிரஸ் வரை போக வேண்டும்.

எபிரஸ் கிரேக்கத்தின் வடமேற்கில், அல்பேனிய எல்லையை ஒட்டிய மலைநாடு. அங்கத்திய பழைய இசை ஐந்து சுரங்களில், அரைச்சுர இடைவெளி இல்லாமல் நடப்பது. சிலர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, மேலே ஒரு குரல் ஒப்பாரியாக இறங்கி வரும். கிளாரினெட் வாசித்தாலும் அதே இறக்கம், அதே இழுவை. ப்ளூஸ் கிட்டார்காரர்கள் கையில் முதலில் படியும் மைனர் பென்டாடோனிக் என்ற சுர வரிசைக்கும் ஐந்து சுரம்தான், அதிலும் அரைச்சுரம் இல்லை. நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களை ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு ஸ்பாதாஸின் சோலோக்களைக் கேட்டீர்கள் என்றால் அவர் எந்த வட்டாரத்தில் நடமாடுகிறார் என்பது பிடிபடும். ப்ளூஸின் மண்ணான மிசிசிப்பியிலிருந்து எபிரஸுக்கு இந்த ஐந்து சுரங்களின் வழியே தூரம் ரொம்பக் குறைவு. தந்தியை வளைத்துச் சுரத்தை அழவைக்க ஹென்ட்ரிக்ஸிடம் கற்றுக்கொண்ட கைக்கு, கிளாரினெட்டின் ஒப்பாரி புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று அல்ல.

முதல் தட்டில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்பாதாஸ் இதில் கடன் வாங்கிய மொழியில்தான் பேசுகிறார். அபாரமாகப் பேசுகிறார், ஆனால் அது அவருடையது ஆகவில்லை. நான்கு ஆண்டு கழித்து ‘ஃபோஸ்’ தட்டில் ‘த பிரைட்’, ‘மவுன்டன்ஸ்’ இரண்டையும் கேளுங்கள். கிராமத்துக் கல்யாண ஆட்டமும் மலைநாட்டு இழுவையும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் கிரேக்கப் பாடகர்கள் பலருக்குக் கிட்டார்காரராகவும் இசைக்கோப்பாளராகவும் இருந்து 2019இல் மறைந்தார். ஒருவர் தன் ஊருக்கு அடுத்த ஊர் வழியாகவும் வந்து சேரலாம். இந்த மனிதர் வந்த வழி அமெரிக்கா. தொடக்கத்திலேயே ‘கிரேக்கம் எங்கே’ என்று யாராவது அவரைத் தடுத்து நிறுத்தியிருந்தால், நாட்டுப்புற மெட்டை மேலே தூவிய ஒரு சுமாரான ராக்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

‘ஸ்டார்வேஷன்’ பாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது முதல் தட்டிலும் இருக்கிறது, ‘ஃபோஸ்’ தட்டிலும் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். 1941–42 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் ஏதென்ஸும் அதன் துறைமுகமான பிரேயுஸும் பட்டினியில் செத்தன. தெருவில் கிடந்த உடல்களை வண்டியில் அள்ளிப்போன நகரம் அது. 1972இல் கீத்தாரோவில் ஆடிய இளைஞர்களின் பெற்றோர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி வந்தவர்கள். பாடல் அதைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைப்பை ஏதென்ஸில் ஒருவர் கேட்பதற்கும் லண்டனில் ஒருவர் கேட்பதற்கும் வித்தியாசம் இருந்திருக்கும் என்கிறேன். எனக்கு இரண்டு வடிவங்களில் முதலாவதுதான் பிடிக்கும். ‘ஃபோஸ்’ வடிவம் வாங்கெலிஸ் கைபட்டு விரிந்தது, ஒலி சுத்தம், யார் கேட்டாலும் அதைத்தான் மேல் என்பார்கள். 1972 வடிவத்தில் மூன்று பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நெருக்கடி எனக்கு வேண்டியிருக்கிறது.

உச்சரிப்பு துருத்துகிறது என்றீர்கள். ஆமாம், துருத்துகிறது. எனக்கு அது ஒருபோதும் குறையாகத் தோன்றியதில்லை. தூர்க்கோயோர்கிஸ் லண்டன்காரரைப் போல நடிக்கவில்லை. ஆங்கிலச் சொல்லைக் கிரேக்க வாயால், கிரேக்க அழுத்தத்தோடு கடித்துத் துப்புகிறார். மெய்யெழுத்துகள் கனமாக விழுவதால் தாளத்தோடு இன்னும் இறுகிப் போகின்றன. ‘குளோஸ் த டோர் அண்ட் லே டவுன்’ பாடலில் அந்தக் குரலை எடுத்துவிட்டு ஒரு சுத்தமான ஆங்கிலக் குரலை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். பாதி பாட்டு போய்விடும்.

மறுபடி கேட்பதாக இருந்தால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் எபிரஸ் கிளாரினெட் மேதை பெத்ரோலுகாஸ் ஹால்கியாஸின் ஒப்பாரி வாசிப்பு ஏதாவது ஒன்று. அடுத்து ‘ஃபோஸ்’ தட்டின் ‘மவுன்டன்ஸ்’. அதன் பிறகு இந்த முதல் தட்டை ஆரம்பத்திலிருந்து. சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம், பாஸ் காணாமல் போய்விடும். கேட்டுவிட்டு, அப்போதும் ஒட்டவில்லை என்றால் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று எழுதுங்கள். அக்ரிதாஸ் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்.