நாலரை வயசுப் புள்ளைக்கு வீட்டுலயே எழுத்தும் எண்ணும் எப்படிச் சொல்லிக் குடுக்குறது?

மகன் நோட்டைத் தொறந்தாலே அழுவுறான்னு கேட்டிருந்தீங்க. மொதல்ல அந்த நோட்டை எடுத்து உள்ள வைங்க. இந்த வயசுல மணிக்கட்டு எலும்பே இன்னும் முழுசா வளர்ந்திருக்காது, பென்சிலை இறுக்கிப் புடிச்சா கை வலிக்கத்தான் செய்யும், அது சோம்பேறித்தனம் இல்லங்க, தயவுசெஞ்சு அதுக்காக அடிச்சிராதீங்க.

நாங்க பாம்பன். எம்மகளுக்கு எழுத்து வந்தது ஈர மணல்ல தான், சாயங்காலம் தண்ணி வத்துன எடத்துல உக்காந்து ஆள்காட்டி விரலால ட போடச் சொல்லுவேன், அப்புறம் ப, ரெண்டும் வெறும் நேர்கோடு, அது கைக்கு வந்தப்புறம் தான் ம, ய. சுழி இருக்க அ-வ கடைசியாத் தான் குடுத்தேன், மாமியாருக்கு அதுல வருத்தம் தான். 247 எழுத்துன்னு மலைக்காதீங்க, 12 உயிரும் 18 மெய்யும் புடிபட்டா 216 உயிர்மெய்யும் அதுக கூடுறதுல வர்றது தான், மிச்சம் ஒண்ணு ஆய்த எழுத்து ஃ.

எண்ணுக்கு மீனு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த 61 நாளும் அவ அப்பா வீட்டுல. நாட்டுப்படகுல வந்த சூடை மீன வாங்கியாந்து முத்தத்துல கொட்டி, அஞ்சஞ்சா கூறு வைக்கச் சொல்லுவாக. ஒருநாள் நாலு கூறு போக மூணு மீனு மிஞ்சிருச்சு, "இது பூனைக்குப்பா"ன்னா, அவுக அப்படியே இருபதும் மூணும் இருபத்திமூணுன்னு சொல்லிக் குடுத்துட்டாக.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், அவன் இன்னும் வேணும்னு கேக்கயிலயே நிப்பாட்டிருங்க.